கசிவது ஓரிடம், நனைவது வேறிடம்

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். வீட்டுக் கூடத்தில் இருக்கும் இப்படியொரு கண்ணாடி மீன்தொட்டி ஏறக்குறைய 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் அடியில் ஒருநாள் ஈரம் தெரிந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை கிளம்பும். வாஸ்து தெரிந்தவர் “வீட்டில் காசு தங்காது” என்பார். கசிவை அடைக்கச் சிலிக்கான் பசை வாங்குகிற செலவளவுக்கு அவர் சொல்வது சரிதான். மற்றவர்கள் சொல்வதைப் பார்ப்போம்.

“ஈரம் எங்கேயோ, ஓட்டையும் அங்கேதான்.”

பெரும்பாலும் இல்லை. உள்பக்கச் சிலிக்கான் ஓரிடத்தில் விட்டுப்போனால், தண்ணீர் ஜாயின்ட் வழியாகவே ஊர்ந்து போய் வேறொரு மூலையில் சொட்டும். அதற்கும் முன்னால், கசிவது தொட்டிதானா என்று பார்க்க வேண்டும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால், கரண்ட் போன நேரத்தில் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி ஸ்டாண்டை நனைத்துவிடும். பம்ப்பை மேலே தூக்கி வைத்தாலோ, டியூபில் ஒருவழி வால்வு மாட்டினாலோ தீர்கிற வேலை அது. ஃபில்டர் குழாயின் இணைப்பையும் தடவிப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் வெளிக் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, சுற்றிலும் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, முதலில் எது நனைகிறது என்று கவனிக்கலாம். தண்ணீர் மட்டத்தை மார்க்கரில் குறித்து வைப்பது இன்னும் நல்லது. மட்டம் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. நிற்காமல் இறங்கினால் அடி ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம்.

“பெரிய தொட்டி, எந்த நேரமும் வெடித்துவிடும்.”

கண்ணாடியை அழுத்துவது தண்ணீரின் ஆழம். தொட்டி எத்தனை லிட்டர் என்பதல்ல. மேலே சொன்ன தொட்டி நிறைந்திருக்கும்போது முன்பக்கக் கண்ணாடியின் மேல் 220 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான பாரம் விழுகிறது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் பாரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும்: 55 கிலோ சொச்சம். அதனால் கசிவு தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, டியூபைப் போட்டுத் தண்ணீரைப் பாதிக்கு இறக்குவது. மீன்கள் அதிலேயே இருக்கட்டும். யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

“வெளியே எம்-சீல் அப்பிவிட்டால் நிற்கும்.”

நம்மூரில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் வீணாவதும் இதுதான். தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது. உள்ளே பூசியதை அது கண்ணாடியோடு சேர்த்து அழுத்தும். வெளியே பூசியதைப் பெயர்த்துத் தள்ளும். போதாததற்கு, எம்-சீல் ஓர் எபாக்சி, இறுகிப்போகும் பொருள். தண்ணீர் ஏறி இறங்கும்போது கண்ணாடி லேசாக வளையும், அந்த அசைவுக்கு இது ஈடுகொடுக்காது.

சரி, உள்ளே சொட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் தடவினால்? அதுவும் நிலைக்காது. காய்ந்த பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. தொட்டியைக் காலி செய்து, காயவிட்டு, உள்மூலைகளில் இருக்கும் பழைய பட்டை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, எல்லா மூலைக்கும் ஒரே மூச்சில் புதிதாக இழுக்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் சிலிக்கானில் மட்டும் கை வைக்காதீர்கள். தொட்டியைத் தாங்கி நிற்பது அதுதான். அதுவே பிரிந்து, காற்றுக் கோடு ஓடியிருந்தால் வீட்டில் செய்கிற வேலையல்ல. தொட்டி கட்டுபவரிடம் போங்கள். சென்னைக்காரர்களுக்கு, மீன்தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் இருக்கிறது.

“வினிகர் வாடை அடித்தால் அது மீனுக்கு ஏற்ற சிலிக்கான்.”

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. சிலிக்கான் காயும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலத்தின் வாடை அது, காய்ந்தபின் தொல்லையில்லை. ஆனால் குளியலறைக்கென்று விற்கும் சில சிலிக்கான்களும் இதே வாடை அடிக்கும். அவற்றில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது மீனுக்கு விஷம். மூக்கை நம்பாமல், மீன்தொட்டிக்கு ஏற்றது என்று குழாயில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

“ஒரு ராத்திரி காய்ந்தால் போதும், வெயிலில் வைத்தால் அதுவும் வேண்டாம்.”

சிலிக்கான் உலர்ந்து கெட்டியாவதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதத்தை வாங்கிக்கொண்டு, மேலிருந்து உள்நோக்கி இறுகுகிறது, ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். மேலே தோல் கட்டியதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாடை அடிக்கிறவரை உள்ளே வேலை முடியவில்லை. இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு வாரம் கொடுப்பேன். பிறகு மீன் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு நாளாவது பார்க்க வேண்டும்.

“வேலையோடு வேலையாக எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவிவிடலாம்.”

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொல்லும், காய்ந்தாலும் செத்துப்போகும். அந்த ஒரு வாரமும் மீன்களைத் தொட்டியின் பழைய தண்ணீரோடு பிளாஸ்டிக் டிரம்மில் விட்டு, ஃபில்டரையும் அதிலேயே ஓடவிடுங்கள். இடம் தாராளமாக இருக்கிறதென்று பாட்டியின் செப்பு அண்டாவை எடுக்க வேண்டாம், செம்பு மீனுக்கு ஆகாது.

தொட்டியைத் திரும்ப ஏற்றும் முன் ஸ்டாண்டின்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு கால் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் தொட்டி முறுக்கிக்கொண்டு நிற்கும், ஜாயின்ட் விட்டுப்போக அதுவும் ஒரு காரணம். சமன் செய்துவிட்டு, அடியில் ஒரு தெர்மகோல் அட்டையும் விரியுங்கள்.