தொட்டில் மேசைக்கு மையம் பார்ப்பது

கோவையில் பம்பு இம்பெல்லருக்குப் பேட்டர்ன் செய்துகொடுக்கிற பட்டறை எங்களுடையது. இம்பெல்லரின் இறக்கைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு முறுக்கி நிற்கும். மேலிருந்து மட்டும் இறங்கும் மூன்று அச்சு மில்லிங்கில் கட்டர் உள்ளே போகாது. ஜாபைத் திருப்பித் திருப்பிக் கட்டி, ஒவ்வொரு தடவையும் ஜீரோ எடுத்து, கடைசியில் உப்புத்தாளோடு உட்கார வேண்டும். விலைக்கு வரும் ஐந்து அச்சு இயந்திரமோ எங்கள் பட்டறையையே விற்றாலும் கட்டுப்படியாகாது. ஆகவே சொந்தமாகக் கட்டினேன். அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லலாம்.

நேர்கோட்டில் ஓடும் மூன்று அச்சுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 20 மி.மீ. லீனியர் கைடு, 1605 பால் ஸ்க்ரூ, குளோஸ்டு லூப் ஸ்டெப்பர், 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் எல்லாமே கடையில் கிடைக்கிறவை. ஃபிரேமை மட்டும் அலுமினியத்தில் கட்டாதீர்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரான் நீளும்; இரும்பு அதில் ஏறக்குறையப் பாதிதான். தகர ஷெட்டில் காலையில் எடுத்த ஜீரோ மத்தியானம் நிற்காது. உக்கடம் பழைய இரும்புக் கடையில் மில்லிங் மெஷினின் வார்ப்பு உடம்பு எடைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

கஷ்டமெல்லாம் சுழலும் இரண்டு அச்சுகளில் இருக்கிறது. நான் ட்ரனியன் வகையை எடுத்துக்கொண்டேன். மேசை தொட்டில்போல் எக்ஸ் அச்சைச் சுற்றிச் சாயும், அது ஏ. சாய்ந்த மேசையின் மேல் வட்டத் தட்டு சுழலும், அது சி. தலையைச் சாய்க்கும் வகையைவிட இதில் ஸ்பிண்டில் ஆடாமல் கெட்டியாக நிற்கும். சின்ன ஜாபுக்கு இதுவே சரி.

கோணத்தில் வரும் பிழை தூரத்தோடு வளரும். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆட்டம், மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி 0.03 மி.மீ. ஆகிவிடும். பழைய ரோட்டரி டேபிளின் வார்ம் வீலில் அதைவிட அதிகமாகவே தேய்மானம் இருக்கும், அதுவும் அடிக்கடி நிற்கும் இடத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். ஹார்மானிக் கியர் போட்டால் ஆட்டம் ஏறக்குறைய இல்லை, விலைதான் வலிக்கும். நான் ஏ அச்சுக்கு மட்டும் ஹார்மானிக் போட்டு, சி அச்சுக்கு வார்ம் வைத்துப் பிரேக்கும் சேர்த்தேன்.

பலர் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு: ஏ அச்சின் மையக்கோடு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது. வரைபடத்தில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. அதில் 0.1 மி.மீ. தவறு இருந்தால் மேசை 90 டிகிரி சாயும்போது 0.14 மி.மீ. பிழையாக வந்து நிற்கும். மேசையின் மேல் ஒரு எஃகுக் குண்டை உறுதியாகப் பொருத்துங்கள். மேசையை +90 டிகிரி சாய்த்து டயல் கேஜால் குண்டின் மையத்தை ஒய், இசட் இரண்டிலும் எடுங்கள். பிறகு -90 டிகிரி சாய்த்து அதையே எடுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் நடுப்புள்ளிதான் ஏ அச்சின் மையம். குண்டு மேசையில் எங்கே இருக்கிறது என்பதே தேவையில்லை. சி அச்சுக்கும் இப்படியே, 0 டிகிரியிலும் 180 டிகிரியிலும். இயந்திரம் சூடேறிய பிறகு எடுங்கள். மேசையைக் கழற்றி மாட்டினால் திரும்ப எடுங்கள்.

கன்ட்ரோலுக்கு லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் 1990களில் பிறந்த நிரல், இன்றும் இலவசம். ட்ரனியனுக்கான கணக்கு அதிலேயே இருக்கிறது. கண்டுபிடித்த மையங்களைக் கொடுத்தால் கட்டரின் நுனியை அது பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கு இல்லாமல் ஓட்டினால், ஜாப் கொஞ்சம் நகர்ந்தாலும் டூல்பாத்தைப் புதிதாகப் போட வேண்டும். வேகத்தையும் ஜி93 முறையில் கொடுக்க வேண்டும். டிகிரியையும் மில்லிமீட்டரையும் ஒரே ஃபீடில் கலந்தால் வேகம் தாறுமாறாகும். இன்னொன்று, மேசை சமமாக இருக்கும் நிலையை ஒட்டி வேலை செய்யும்போது சி அச்சு திடீரென்று அரை வட்டம் சுற்றும். ஜாபைச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் தப்பிக்கலாம்.

வயரிங்கில் ஒரு வார்த்தை. டிரைவின் ஃபால்ட் ரிலேயை எமர்ஜென்சி ஸ்டாப்போடு கோர்த்துவிடுங்கள். கரண்ட் தடுமாறும்போது ஸ்பிண்டில் நின்று, யுபிஎஸ்ஸில் இருக்கும் அச்சுகள் மட்டும் நகர்ந்தால் கட்டர் முறியும்.

இந்த வகை இயந்திரத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. தோஷிபா மெஷின் நிறுவனம் நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லர் அறுக்கும் பல அச்சு மெஷின்களைச் சோவியத்துக்கு விற்ற விவகாரம் 1987-இல் உலகமெங்கும் பேசப்பட்டது. உயர்துல்லிய ஐந்து அச்சு மெஷின்கள் இன்றும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. புரொப்பெல்லரும் இம்பெல்லரும் முறுக்கிய இறக்கைகள்தாமே!

எங்கள் வேலையில் பெரும்பகுதி, மேசையைச் சாய்த்துப் பூட்டிவிட்டு மூன்று அச்சில் அறுக்கும் 3+2 முறையிலேயே முடிந்துவிடுகிறது. முறுக்கிய பரப்பு உங்கள் தொழிலில் இல்லையென்றால் நான்காவது அச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயல் கேஜும் சர்ஃபேஸ் பிளேட்டும் வாங்குங்கள்.