இழுப்பது ஊரார் வண்டி, ஹிட்ச் உங்களுடையது

அமெரிக்காவில் விற்கும் ஆர்.வி. வண்டிகளில், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய பயண வீடுகளில், பெரும்பகுதி ஒரே வட்டாரத்தில் தயாராகிறது. இண்டியானா மாநிலத்தின் வட எல்லையை ஒட்டிய எல்க்ஹார்ட் கவுண்டியும் அதன் சுற்றுவட்டாரமும்தான் அது. மிடில்பரியில் ஜேகோ, கோஷனில் கீஸ்டோன் என்று ஊருக்கு ஊர் ஆலைகள். ஆலை வாசலில் நிற்கும் புது டிரெய்லர் டெக்சஸிலோ ஆரிகனிலோ உள்ள விற்பனையாளரிடம் போய்ச் சேர வேண்டும். சொந்த பிக்கப் வைத்திருக்கும் ஓட்டுநர்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. மைலுக்கு இவ்வளவு என்று கூலி. டீசல், டயர், திரும்பும்போது வெறும் வண்டியாக ஓடும் தூரம் எல்லாம் பொதுவாக ஓட்டுநர் தலையில்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் சனி ஞாயிறில் இதைச் செய்து கூடுதல் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். மனுப் போட்ட முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய அந்த விசா இடம் தருகிறது. மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

இந்த வேலைக்கு வருபவர்கள் எந்த பிக்கப் வாங்குவது என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். அதன் முதுகில் உட்கார்ந்து டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் ஃபிஃப்த் வீல் ஹிட்ச்சை மட்டும் கடைக்காரர் காட்டியதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். சந்தையில் கிடைக்கும் ஆலோசனையும் பெரும்பாலும் விடுமுறைக்காரர்களுக்கானது. அவர்களிடம் இருப்பது ஒரே பிக்கப், ஒரே டிரெய்லர். இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்திவிட்டால் தீர்ந்தது. உங்கள் கதை வேறு. இன்று மாட்டிய டிரெய்லரை இனிமேல் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள். அடுத்த பயணத்தில் வேறு உயரம், வேறு எடை, முகப்பில் வேறு வடிவம். அவர்களுக்கு மிகச் சிறந்த ஹிட்ச் உங்களுக்கு உதவாமல் போவது இதனால்தான்.

பின்பக்க பம்பருக்குக் கீழே உருண்டையில் மாட்டும் சாதாரண டிரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் வாலில் இறங்கும். ஃபிஃப்த் வீலில் டிரெய்லரின் முகப்பிலிருந்து கீழ்நோக்கி நீளும் கிங்பின் என்ற தடித்த இரும்பு ஆணி, பிக்கப்பின் சரக்குப் படுகையில் இருக்கும் ஹிட்ச்சுக்குள் வந்து பூட்டிக்கொள்ளும். எடையில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதம் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ உட்காரும். பெரிய டிரெய்லர் ஆட்டமில்லாமல் வருவதற்குக் காரணம் இதுதான். பிக்கப்பின் முதுகு சீக்கிரம் நிரம்பிவிடுவதற்கும் இதுவே காரணம்.

ஹிட்ச் பெட்டியில் 16,000, 20,000, 25,000 பவுண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது ஹிட்ச் தாங்கும் எடை, உங்கள் வண்டி தாங்குவது அல்ல. உங்கள் வண்டியின் எண் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கே அந்த எண் மாறும். விளம்பரத் தாளை நம்பாமல் கதவைத் திறந்து பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பின்னால் நான்கு டயர் போட்ட டூவலி ரக பிக்கப். கதவில் 5,500 பவுண்டு என்று இருக்கிறது. டிரெய்லர் 16,000 பவுண்டு, அதாவது ஏழே கால் டன். ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் கிங்பின் வழியாக இறங்குவது 3,200. ஹிட்ச்சின் சொந்த எடை 250. நீங்கள், கருவிப் பெட்டி, குளிர்காலச் சங்கிலி எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 3,850, இடம் இருக்கிறது. இதே டிரெய்லரை, கதவில் 2,200 என்று எழுதியிருக்கும் முக்கால் டன் ரக டீசல் பிக்கப்பில் மாட்டிப் பாருங்கள். கிங்பின் சுமை ஒன்றே அதை விழுங்கிவிடும். இஞ்சின் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. அச்சும் ஸ்பிரிங்கும் டயரும் அல்லவா தாங்க வேண்டும்?

ஆலையிலிருந்து வரும் டிரெய்லர் காலியாக இருக்குமே என்பார்கள். உண்மை, அதனால் கிங்பின் சுமையும் குறையும். ஆனால் கையேட்டில் போட்டிருக்கும் காலி எடையில் வாங்குபவர் கேட்ட கூடுதல் வசதிகள் பலவும் சேர்ந்திருக்காது. முகப்பில் ஒரு ஜெனரேட்டரோ இரண்டாவது ஏசியோ ஏறியிருந்தால் அந்தக் கணக்கு போயிற்று. வழியில் எடைமேடை உள்ள டிரக் நிறுத்தத்தில் பத்து நிமிடம் செலவழித்துவிடுங்கள்.

எடைக் கணக்கோடு லைசென்ஸ் கணக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் உற்பத்தியாளர் குறித்திருக்கும் உச்ச எடைகளைக் கூட்டினால் 26,001 பவுண்டோ அதற்கு மேலோ வந்து, அதில் டிரெய்லரின் பங்கு 10,000-ஐத் தாண்டினால் ஏ வகை சி.டி.எல்., அதாவது வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். டிரெய்லர் காலியாக இருக்கிறது என்பது இங்கே செல்லாது. குறித்திருக்கும் எடை, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. 14,000 பவுண்டு டூவலியோடு 12,000-க்கு மேற்பட்ட டிரெய்லரை மாட்டியதுமே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இதைத் தவிர்க்க 10,000 பவுண்டு குறித்த முக்கால் டன் வண்டியோடு 16,000 பவுண்டு டிரெய்லரை மாட்டி, சரியாக 26,000-இல் நிறுத்துகிறவர்கள் உண்டு. காகிதத்தில் கச்சிதம். கதவு ஸ்டிக்கரில் என்ன ஆகிறது என்பதை இப்போதுதான் பார்த்தோம். லைசென்ஸ் செலவை மிச்சம் பிடிக்க அச்சை வதைக்கும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சி.டி.எல். தேர்வுக்குப் போகும்போதும் ஹிட்ச்சுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஃபிஃப்த் வீல் அல்லாத இணைப்போடு தேர்வு எழுதினால், பின்னாளில் பெரிய டிராக்டர்-டிரெய்லர் ஓட்ட முடியாதபடி லைசென்ஸில் ‘ஓ’ என்ற கட்டுப்பாடு விழும். காற்று பிரேக் இல்லாத வண்டியில் எழுதினால் ‘எல்’, ஆட்டோமேட்டிக் கியரில் எழுதினால் ‘இ’. பிக்கப்பிலேயே தேர்வை முடிப்பவருக்குக் கடைசி இரண்டும் பெரும்பாலும் வரும். நாளைக்குப் பெரிய லாரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள்.

சி.டி.எல். தேவைப்படாதவரும் மற்ற விதிகளிலிருந்து தப்ப முடியாது. மாநில எல்லை தாண்டி வணிகமாக ஓட்டும்போது மொத்தம் 10,001 பவுண்டைத் தொட்டாலே மருத்துவச் சான்றும் ஓட்டு நேரப் பதிவும் கட்டாயம். ஒரு சலுகை உண்டு: ஆர்.வி. டிரெய்லரை இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு மின்னணுப் பதிவுக் கருவி தேவையில்லை, காகிதத்தில் எழுதினால் போதும். அதே பிக்கப்பில் வேறு சரக்கு ஏற்றிய டிரெய்லரை இழுத்தால் இந்தச் சலுகையும் போய்விடும்.

சரி, ஹிட்ச் கடைக்குள் போவோம். கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது படுகையின் நீளத்தை. டிரெய்லரின் அகலம் 102 அங்குலம் வரை இருக்கும், பாதி 51. கிங்பின் உட்காரும் இடத்திலிருந்து கேபினின் பின் கண்ணாடி வரை அந்த 51 அங்குலம் இல்லையென்றால், செங்குத்தாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூலை கண்ணாடியைத் தட்டலாம். எட்டடிப் படுகை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. அசையாத ஹிட்ச் போதும். ஆறரை அடி என்றால் ஸ்லைடர் வேண்டும். சாதாரண ஸ்லைடரில் வண்டியை நிறுத்தி, நெம்புகோலை இழுத்து, ஹிட்ச்சைப் பின்னுக்கு நகர்த்தி மெல்லத் திருப்பிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். திருப்பத்தில் தானாகவே பின்னால் நகரும் வகையும் உண்டு. புல்ரைட்டின் சூப்பர்கிளைட் அப்படிப்பட்டது. விடுமுறைக்காரருக்கு அருமையான சாமான். ஆனால் அது வேலை செய்ய டிரெய்லரின் கிங்பின் பெட்டியில் அதற்கென்று ஒரு தகடு பொருத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் புது டிரெய்லர் மாட்டுபவர் இந்தத் தகட்டோடு எங்கே மல்லுக்கட்டுவது? ஆண்டர்சனின் அலுமினிய அல்டிமேட்டும் இதே கதை. தூக்குவதற்கு அவ்வளவு லேசு, ஆனால் டிரெய்லரின் கிங்பின்னில் தனி இணைப்பை மாட்டினால்தான் அது பிடிக்கும். ஆலையின் புது வண்டியில் அந்த வேலையை ஆரம்பித்தால் உத்தரவாதம் பற்றிய கேள்விகளும் கூடவே வரும்.

ஆகவே என் தீர்ப்பு: இந்தத் தொழிலுக்கு எட்டடிப் படுகை வாங்குங்கள், அசையாத ஹிட்ச் போடுங்கள். நகரத்தில் நிறுத்த இடம் தேடும் சிரமம் உண்டு, பிழைப்பு நெடுஞ்சாலையில்தானே.

படுகையில் ஹிட்ச்சைப் பொருத்த மூன்று வழிகள். பழைய வழி, இரண்டு இரும்புத் தண்டவாளங்களைப் படுகைக்கு மேலே வைத்து, துளையிட்டு, கீழே வண்டியின் சட்டத்தோடு போல்ட் போடுவது. பல நிறுவனங்களின் ஹிட்ச்சுகள் அதில் உட்காரும். ஹிட்ச்சைக் கழற்றினாலும் தண்டவாளம் காலை இடறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, வண்டி ஆர்டர் கொடுக்கும்போதே ஆலையில் போட்டுத் தரும் பக் முறை: படுகையில் நான்கு குழிகள், ஹிட்ச்சின் கால்கள் நேராக அதில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். துளையிடும் வேலையே இல்லை. மூன்றாவது, படுகையின் நடுவே, கூஸ்நெக் ரக டிரெய்லரை மாட்டும் உருண்டைக்கான ஒற்றைக் குழி. பி அண்ட் டபிள்யூவின் கம்பேனியன் போன்றவை அதில் இறங்கும்.

விடுமுறைக்காரருக்குப் பக் முறை மிக வசதி. ஆனால் ஃபோர்டின் குழி இடைவெளியும் ராமின் குழி இடைவெளியும் ஒன்றல்ல. கம்பெனி மாறினால் ஹிட்ச்சின் அடிப்பாகமும் மாற வேண்டும். மைல் வேகமாக ஏறும் இந்த வேலையில் வண்டியைச் சீக்கிரமே மாற்றுவீர்கள். ஃபிஃப்த் வீல் கிடைக்காத வாரத்தில் கூஸ்நெக் டிரெய்லரில் இயந்திரம் ஏற்றிப் போகவும் நேரலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒற்றைக் குழி முறையே எனக்குப் பிடிக்கிறது. ஹிட்ச்சை எடுத்துவிட்டால் படுகை தட்டையாகிவிடும், உருண்டையைத் திருப்பி வைத்தால் கூஸ்நெக் தயார். எந்த முறையானாலும் அடியில் ஓடும் டீசல் குழாயையும் மின்கம்பியையும் பார்க்காமல் துளையிட யாரையும் அனுமதிக்காதீர்கள். முதல் பயணம் முடிந்ததும் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள்.

ஹிட்ச்சின் தலையில் இரண்டே விஷயம் முக்கியம். தலை முன்னும் பின்னும் மட்டும் சாய்ந்தால் போதாது, இடமும் வலமும் சாய வேண்டும். விற்பனையாளரின் மேடுபள்ள மைதானத்தில் மாட்டும்போதும் கழற்றும்போதும் இதன் அருமை தெரியும். அடுத்தது தாடை. கிங்பின்னுக்குப் பின்னால் ஒரு கம்பி மட்டும் குறுக்கே விழும் வகை மலிவு. இரண்டு தாடைகள் சுற்றி வளைத்துக் கவ்வும் வகையில் ஆட்டம் குறைவு, பிரேக் பிடிக்கும்போது முதுகில் விழும் இடியும் குறைவு. விலை வித்தியாசத்தை யோசிக்காமல் கொடுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே2638 தரச் சோதனையைக் கடந்தது என்று கையேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உயரத்தை மாற்றும் துளைகள் எத்தனை என்றும் கேளுங்கள்: இன்றைய பிக்கப்புகளின் படுகைச் சுவர் உயரம், அதற்கும் டிரெய்லரின் அடிவயிற்றுக்கும் நடுவே ஐந்தாறு அங்குல இடைவெளி வேண்டும். டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனால் அதன் பின் அச்சின் டயர்கள் அதிகச் சுமை தாங்கும்.

பழைய ஹிட்ச் வாங்குவதில் தப்பில்லை. தாடையின் உள்விளிம்பு தேய்ந்திருந்தாலோ, வெல்டிங் வரி துருப்பிடித்துப் பிளந்திருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். சாலையில் உப்புத் தூவும் குளிர்ப் பகுதி வண்டியில் இருந்ததா என்று கேட்பதும் நல்லது.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. பின்னுக்கு வருமுன் டெயில்கேட்டை இறக்குங்கள். இதை மறந்து நசுக்கியவர்கள் ஏராளம். டிரெய்லரின் தகடு ஹிட்ச்சின் தகட்டைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும், ஏறி உட்காரும்படி. உயரமாக இருந்தால் தாடை கிங்பின்னின் நுனியை மட்டும் கவ்விவிட்டு, பூட்டியது போலவே காட்டும். டார்ச் அடித்துப் பாருங்கள்: இரண்டு தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கைப்பிடிக்குப் பூட்டு ஊசி, ஏழு முனை மின்இணைப்பு, பிரிந்தால் பிரேக் பிடிக்கும் கம்பி. இந்தக் கம்பியை ஹிட்ச்சில் கட்டாதீர்கள், வண்டியில் கட்டுங்கள். ஹிட்ச்சே பிடுங்கிக்கொண்டு போனால் கம்பி எதை இழுக்கும்? பிறகு டிரெய்லரின் முன்கால்களைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் மட்டும் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்தபடி வண்டியை மெல்ல முன்னுக்கு இழுங்கள். பூட்டு ஏமாற்றியிருந்தால் டிரெய்லர் தன் கால்களிலேயே இறங்கி நிற்கும். கால்களை முழுக்கத் தூக்கிவிட்டு இதைச் செய்தால், அது உங்கள் படுகைச் சுவரின் மேல் இறங்கும். பழுதுச் செலவு பிக்கப்புக்கும் சேரும், டிரெய்லருக்கும் சேரும்.