பழைய துவிச்சக்கரவண்டிச் சில்லைக் கழற்றுதற்கு வேண்டிய கருவிகளைத் தெரிவு செய்தல்

துவிச்சக்கரவண்டியும் கமக்காரரின் கருவிகளுள் ஒன்றேயாகும். விதைநெல்லை வயலுக்குக் கொண்டு செல்வதற்கும், கீரைக்கட்டுகளையும் மரக்கறி மூட்டைகளையும் சந்தைக்குச் சேர்ப்பதற்கும் அது உதவுகின்றது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது இவ்வுண்மை அனைவருக்கும் விளங்கிற்று. அவ்வாண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையவற்றிற்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. புதிய வண்டிகளின் விலை ஏறவே, கொட்டில்களிற் கிடந்த பழைய வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன.

இவ்வாறான பழைய வண்டிகளில் முதலிற் கெடுவது சில்லாகும். வயற்சேறும், வெள்ளவத்தை போன்ற கரையோர இடங்களில் வீசும் உப்புக்காற்றும் றிம்மையும் ஆரைக்கம்பிகளையும் துருப்பிடிக்கச் செய்கின்றன. ஆயினும், கடைகளில் ‘ஹப்’ என வழங்கும் நடுக்குடம் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். றிம்மையும் கம்பிகளையும் மாற்றிக் குடத்தைக் காப்பாற்றினால், செலவிற் பெரும்பகுதி மீதமாகும். ஆனால் தகுந்த கருவியின்றியோ, முறை மாறியோ வேலையைத் தொடங்குவோர் அக்குடத்தையே இழக்கின்றனர். இதனைத் தவிர்க்கும் வழி இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

1. முதலிற் சில்லை ஆராய்தல்

கருவி வாங்குமுன் சில்லைத் துடைத்துப் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

(அ) கம்பிகளின் எண்ணிக்கை. றலி, ஹம்பர் போன்ற பழைய ஆங்கில வண்டிகளில் முன்சில்லுக்கு 32 கம்பிகளும் பின்சில்லுக்கு 40 கம்பிகளும் இருப்பது வழக்கம். பிற்கால வண்டிகள் பலவற்றில் இரு சில்லுகளுக்கும் 36 கம்பிகள் உள்ளன. 36 துவாரமுள்ள றிம் 40 துவாரமுள்ள குடத்திற்குப் பொருந்தாது. எண்ணிப்பாராது றிம் வாங்கியவர் மீண்டும் கடைக்கு நடக்க நேரிடும்.

(ஆ) ரயரின் அளவு. 28 × 1½ என்றோ 26 × 1⅜ என்றோ ரயரின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். முன்னையதற்கு 635 எனவும், பின்னையதற்கு 590 எனவும் மில்லிமீற்றர் அளவு குறிக்கப்படுவதுண்டு. புதிய றிம்மை இவ்வெண்ணைக் கொண்டே கேட்டல் வேண்டும்.

(இ) சில்லு எதற்கு வேண்டும் என்பது. களையெடுக்கும் ஒற்றைச்சில்லுக் கருவி செய்ய விரும்புவோர் முன்சில்லைக் கழற்றாது முழுதாகவே பயன்படுத்தலாம். அவர்களுக்குக் கீழ்க்கூறும் வேலைகளிற் பெரும்பாலானவை தேவையில்லை.

2. முறையே முதற் கருவி

பின்சில்லைப் பிரிக்குமிடத்து மனத்திற் பதிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. சில்லு முழுதாக இருக்கும்பொழுதே பிறீவீலைக் கழற்றிவிடல் வேண்டும். அதன்பின்னரே கம்பிகளைத் தொடலாம்.

இதற்குக் காரணம் எளிது. பிறீவீல் குடத்தின்மேல் மரையினால் இறுக்கப்பட்டிருக்கின்றது. வண்டி ஓட்டுபவர் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதனை மேலும் இறுக்கும். பல ஆண்டுகள் மிதித்து இறுகிய மரையைக் கழற்றுவதற்கு மிகுந்த விசை வேண்டும். ஏறக்குறைய 28 அங்குல விட்டமுள்ள சில்லை இரு கைகளாலும் பற்றித் திருப்பினால் அவ்விசை கிடைக்கும். கம்பிகளை வெட்டிவிட்டால் எஞ்சுவது 2 அல்லது 3 அங்குலத் தட்டுகளையுடைய குடம் மட்டுமே. அதனைக் கையாற் பிடித்துத் திருப்புதல் இயலாது. வைஸில் வைத்து நெருக்கினாலோ தட்டுகள் வளைந்து, கம்பித் துவாரங்கள் உடைந்துவிடும். வெட்டுக்குறட்டினாற் கம்பிகளையெல்லாம் வெட்டியபின் குடத்தை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு திருத்துமிடத்திற்குச் செல்வோருக்கு நேரும் நட்டம் இதுவாகும்.

3. அச்சு நட்டுகளுக்குரிய சாவி

சில்லை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு நட்டின்மேற் சரியாகப் பொருந்தும் சாவி வேண்டும். பிற்கால வண்டிகளிற் பெரும்பாலும் 15 மில்லிமீற்றர்ச் சாவி பொருந்தும். சிலவற்றிற்கு 14 மில்லிமீற்றர் வேண்டும். பழைய ஆங்கில வண்டிகளின் நட்டுகள் அங்குல முறையில் அமைந்தவை. அவற்றின்மேல் மில்லிமீற்றர்ச் சாவி சற்றுத் தளர்வாக நிற்கும். பலமாகத் திருப்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். ஆகவே நட்டைக் கடைக்குக் கொண்டுசென்று பொருத்திப் பார்த்தே சாவி வாங்கல் வேண்டும். வாய் விரிந்து சுருங்கும் சாவி ஒன்றை நட்டோடு நன்றாக நெருக்கிப் பயன்படுத்தினாலும் குற்றமில்லை. துருப்பிடித்த நட்டிற்கு முதல்நாள் மாலையிலேயே எண்ணெய் இட்டு வைத்தல் நன்று.

4. பிறீவீல் கழற்றி

இது பிறீவீலின் உட்புறத்திலுள்ள வெட்டுகளிற் பொருந்தும் ஒரு சிறு இரும்புத் துண்டு. சில பிறீவீல்களில் இரண்டு வெட்டுகளும், வேறு சிலவற்றிற் பல வெட்டுகளும் உள்ளன. ஒன்றிற்குரிய கழற்றி மற்றொன்றிற்குப் பொருந்தாது. இரண்டு வெட்டுள்ள வகை எளிதில் வழுக்கக்கூடியது. ஆகவே கழற்றியைப் பொருத்தியபின் அச்சு நட்டை அதன்மேல் விரலாற் பூட்டி, அது விலகாதவாறு செய்தல் வேண்டும்.

பின்னர் கழற்றியை வைஸிற் பிடித்து, சில்லு அதன்மேற் கிடையாக இருக்குமாறு வைக்க வேண்டும். ரயரை எதிரெதிர்ப் பக்கங்களிற் பற்றி, மேலிருந்து பார்க்கையிற் கடிகார முட்கள் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். ரயர் நல்ல பிடி தருவதால் அதனை முன்னரே கழற்றிவிடலாகாது. மரை சிறிது அசைந்தவுடன் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். தவறின் அச்சு முறியக்கூடும்.

வெட்டுகள் உடைந்துபோயிருந்தாலும் குடத்தைக் காப்பாற்ற வழியுண்டு. பிறீவீலின் வெளித்தட்டில் இரு சிறு துளைகள் இருக்கும். மழுங்கிய உளியை அவற்றில் வைத்துச் சுத்தியலாற் தட்டினால் அத்தட்டுக் கழலும். இதன் மரை ஏனைய மரைகளுக்கு மாறானது. கடிகார முட்கள் சுழலும் திசையிலேயே தட்ட வேண்டும். தட்டையும் பல்லையும் நீக்கியபின், எஞ்சிய உட்பகுதியை வைஸில் இறுக்கிச் சில்லைத் திருப்பலாம். பிறீவீல் அழிந்தாலும் குடம் பிழைக்கும்.

பின்குடத்தில் ஸ்ரேமி ஆர்ச்சர் என்று பொறித்திருந்தால் அது மூன்று வேகக் குடமாக இருக்கலாம். பழக்கமில்லாதோர் அதன் உட்பகுதியைத் திறவாது விடுவதே நன்று.

5. ரயர் நெம்புகோல்

திருப்புளியால் ரயரை நெம்புதல் கூடாது. அதன் கூரிய முனை ரியூபைத் துளைத்துவிடும். காற்றை முழுவதும் நீக்கி, ரயரின் இரு ஓரங்களையும் றிம்மின் நடுப்பள்ளத்திற்குள் அமுக்கியபின், இரண்டு மழுங்கிய நெம்புகோல்களை ஒரு சாண் இடைவெளியில் நுழைத்து நெம்பினாற் போதும். பழைய உலோகக் கரண்டிகளின் பிடிகளை அரத்தாற் தேய்த்து மழுக்கியும் இவற்றைச் செய்துகொள்ளலாம்.

6. நிப்பிள் சாவியும் திருப்புளியும்

ஆரைக்கம்பி ஒவ்வொன்றும் இழுவிசையில் நிற்கின்றது. ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் முற்றாகத் தளர்த்தினால் றிம் கோணிவிடும். காற்று அடிக்கும் துவாரத்தின் அருகே சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, அங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு நிப்பிளையும் அரைச்சுற்று வீதம் தளர்த்திக்கொண்டு முழுச்சில்லையும் சுற்றி வரல் வேண்டும். இவ்வாறு சில முறை சுற்றிவந்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் தளரும். பின்னர் றிம்மின் வெளிப்புறத்திலிருந்து திருப்புளியால் நிப்பிள்களை முற்றாகக் கழற்றலாம்.

பல வெட்டுகளையுடைய வட்டமான நிப்பிள் சாவி மலிவானது. பல அளவுகளுக்கும் உதவும். நிப்பிளின்மேல் ஏறக்கூடிய மிகச் சிறிய வெட்டையே தெரிவு செய்தல் வேண்டும். சாதாரணக் குறட்டினாற் பிடித்தால் நிப்பிள் உருண்டையாகிவிடும்.

துருவினால் அசையாத நிப்பிள்களுக்கு எண்ணெய் இட்டு ஓர் இரவு விடுக. அதன்பின்னும் அசையாத கம்பியை மட்டும், மற்றவை யாவும் தளர்ந்தபின், வெட்டலாம். இறுக்கமான கம்பியை வெட்டினால் துண்டு தெறித்துக் கண்ணைக் குருடாக்கக்கூடும். வெட்டும்பொழுது கம்பியை மறுகையாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும்; கண்ணாடி அணிதலும் அவசியம். இடப்பக்கத்துக் கம்பி ஒன்றையும் வலப்பக்கத்துக் கம்பி ஒன்றையும் வெட்டாது வைத்துக்கொண்டால், புதியவை வாங்கும்பொழுது நீளத்திற்கு மாதிரியாக உதவும்.

7. கோன் சாவி

குடத்தினுள்ளிருக்கும் குண்டுகளைப் பார்வையிடுவதற்கு மெல்லிய கோன் சாவி வேண்டும். கோனுக்கும் பூட்டு நட்டிற்கும் இடையே சாதாரணச் சாவி நுழையாது. பழைய தட்டைச் சாவி ஒன்றை அரத்தால் மெலிதாக்கியும் இதனைச் செய்யலாம். வழக்கமாகப் பின்குடத்தில் பக்கத்திற்கு 9 ஆக ¼ அங்குலக் குண்டுகளும், முன்குடத்தில் பக்கத்திற்கு 10 ஆக 3/16 அங்குலக் குண்டுகளும் இருக்கும். குழி விழுந்த கோனையும் தேய்ந்த குண்டுகளையும் மாற்றி, புதிய கிறீஸ் இட்டு மூடுக. கழுவிய மண்ணெண்ணெயை மரக்கறிப் பாத்திகளிலோ நீர்க்கால்களிலோ ஊற்றலாகாது.

8. வாங்குவன, செய்வன, இரவல் பெறுவன

வாங்க வேண்டியவை: பொருத்தமான அச்சுச் சாவி, நிப்பிள் சாவி, நல்ல திருப்புளி. இவை எக்காலமும் பயன்படும்.

வீட்டிற் செய்யக்கூடியவை: ரயர் நெம்புகோல், கோன் சாவி.

வாங்க வேண்டாதவை: வைஸ், பிறீவீல் கழற்றி. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்காக இவற்றில் பணத்தை முடக்குதல் சிக்கனமன்று. அருகிலுள்ள திருத்துமிடத்திற்குச் சில்லை முழுதாகக் கொண்டுசென்று பிறீவீலை மட்டும் தளர்த்தித் தருமாறு கேட்டால், சில நிமிடங்களில் வேலை முடியும். மரக்கறியுடன் கொழும்புக்கு வருவோர் சில்லையும் உடன் கொண்டுவரலாம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள டாம் வீதியில் துவிச்சக்கரவண்டி உதிரிப்பாகக் கடைகள் உண்டு. பிறீவீலைத் தளர்த்திய அன்றே, துவாரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற றிம்மையும் வாங்கிச் செல்லலாம். எஞ்சிய வேலைகள் யாவற்றையும் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம்.

நினைவில் இருத்த வேண்டியவை

கம்பிகளை எண்ணுக.
ரயர் பூட்டியிருக்கும்பொழுதே பிறீவீலைக் கழற்றுக.
கம்பிகளைச் சுற்றிவந்து சிறிது சிறிதாகத் தளர்த்துக.
வெட்டுக்குறட்டை இறுதியிலேயே எடுக்குக.