படிக்காசு

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்ற காலத்துச் சிவபெருமான் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாடோறும் ஒவ்வொரு காசு படியாக நல்கினார் என்பதை நாம் அறிவோம். அக்காசு எவர்பொருட்டு என்பதையுஞ் சேக்கிழார் கூறியுள்ளார். அவ்விருவர் உள்ளம் காலக்கொடுமையால் வாடாதாயினும், அவர்களைச் சார்ந்து நின்ற அடியாரின் வாட்டந் தீர்த்தற்கே இறைவன் அதனை அளித்தார். ஆதலின் காசு உணவாயிற்று. பறையறைந்து அடியார் அழைக்கப்பட்டனர்.

சம்பந்தர் மடத்திலே மட்டும் அமுது சமைக்கக் காலந் தாழ்ந்தது. காரணம் வினவியபோது, அவர் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வாசி, அதாவது வட்டம், கேட்கின்றனர் என்றும், அப்பர் காசுக்கு அஃதில்லை என்றும் விடை வந்தது. அப்பர் கைத்தொண்டு செய்தமையே அவ்வேறுபாட்டிற்குக் காரணமெனச் சம்பந்தர் உணர்ந்தார். பின்னர் அவர் பாடி வேண்டியது பெருஞ்செல்வமன்று, வட்டமில்லாத காசேயாம். தெய்வந் தந்த காசாயினும் கடைத்தெருவிலே செல்லுதல் வேண்டுமே! பசித்தவர் காத்திருக்கலாமோ? தெய்வ அருளைப் பாடும் புராணத்திலே இத்துணைச் சிறிய கடைக்கணக்கும் இடம்பெற்றிருத்தல் நமக்கு வியப்பைத் தருகின்றது.

பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக வெளியிட்ட நாவலரவர்கள், 1877 இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, வறியவர்க்குக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள்.