மொய் நோட்டில் இருக்கும் பாட்டன்மார்

மதுரைப் பக்கம் பரம்பரையைத் தேடிப் புறப்படுகிறவரை முதலில் தடுமாற வைப்பது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. பாட்டன் பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே தெருவில் நான்கு கருப்பையாக்கள் இருப்பார்கள். ஊர் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது: வண்டிக்காரர் வகையறா, மேலவீட்டு வகையறா. பசிபிக் கடலில் குவாம் தீவின் சமோரோ மக்களிடமும் இதே ஏற்பாடு உண்டாம். ஸ்பானியர் ஆட்சியில் வந்த குரூஸ், சான்டோஸ் போன்ற பெயர்கள் ஊர் முழுக்கப் பரவிவிட்டதால், கிளைக்கொரு பட்டப்பெயர் வைத்துப் பிரித்தறிகிறார்கள். ஆகவே வகையறாவைக் கேட்டுக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள்.

அடுத்து குலதெய்வக் கோயில். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாம் வந்து சேரும் இடம் அது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்கு அன்றைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வரி வசூலிக்கும் பெரியவரிடம் தலைக்கட்டு வரி நோட்டைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணமானால்தான் ஒருவன் தனித் தலைக்கட்டு. அதனால் ஒரு பெயர் நோட்டில் முதன்முதலாக ஏறுகிற வருஷம் பெரும்பாலும் அவருக்குக் கல்யாணமான வருஷத்தை ஒட்டியே இருக்கும்.

வரி நோட்டில் பெண்கள் இருக்க மாட்டார்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் அப்படித்தான். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் சட்டமானதே 1989-இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் அண்ணன் தம்பிகளும் அவர்களுடைய மைனர் பையன்களும்கூட வரிசையாக வருவார்கள். கூடப் பிறந்த அக்கா தங்கைகள் பிறக்காதவர்கள் மாதிரி இருப்பார்கள்.

அவர்களை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது மொய் நோட்டு. எங்கள் வீட்டுப் பரணில் நீள நோட்டுகள் சில இருந்தன. மூலையில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அப்பாவின் காதணி விழா மொய்யில் தாய்மாமன் பெயர்தான் முதலில் நிற்கும். அந்த ஒரு வரியே பாட்டி பிறந்த ஊரைச் சொல்லிவிடும். பிறகு ஊர் வாரியாகப் பெயர்கள். நாலு ரூபாய், ஐந்து ரூபாய் எழுதிய இடத்தில் திடீரென்று ஒருவர் அம்பது ரூபாயும் ஒரு கிடாயும் வைத்திருந்தார். யாரென்று அப்பத்தாவிடம் கேட்டேன். "அவுக நம்ம பெரியத்தை வீட்டுக்காரருடா. செக்கானூரணில கட்டிக் குடுத்தோம்ல" என்றார். அதுவரை அப்படி ஒரு பெரியத்தை இருந்ததே எனக்குத் தெரியாது. கருமாதி நோட்டீஸ்களையும் விடாதீர்கள். மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று முழுக் குடும்பமும் ஒரே தாளில் அச்சாகியிருக்கும்.

வயதானவர்களிடம் வருஷம் கேட்டால் பதில் வராது. "வைகை அணை திறந்ததுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், அது 1959. தனுஷ்கோடிப் புயலென்றால் 1964 டிசம்பர், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். இப்படி இரண்டு முளைகளுக்கு நடுவில் ஒரு பிறப்பையோ சாவையோ கட்டிப்போட்டுவிடலாம்.

பத்திரம் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௸ என்றால் மேற்படி; அதைக் கண்டால் மேலே போய் யார் பெயர் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். சில ஓலைகளிலும் சீட்டுகளிலும் தமிழ் வருஷம் மட்டுமே இருக்கும். தாது என்றிருந்தால் அது பஞ்சம் வந்த 1876-ஆ, அறுபது வருஷம் கழித்து வந்த 1936-ஆ? முத்திரைத்தாளாக இருந்தால் விக்டோரியா தலையா ஜார்ஜ் தலையா என்று பார்த்தே சொல்லிவிடலாம். வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டு எண் இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். அந்தப் பசலி எந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது என்பது கிடைக்கும். நான்குமாலைத் தாண்டிப் போகாதீர்கள். கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள்.

மலேயா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஊர் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் முன்னோர் ஊரைவிட்டுப் போனபோது எழுதிய தாளில் ‘மதுரா ஜில்லா’ என்றிருந்தால் இன்றைய மதுரையை மட்டும் சுற்றாதீர்கள். 1910 வரை ராமநாதபுரமும் சிவகங்கையும் அதற்குள்தான் இருந்தன. திண்டுக்கல் பிரிந்தது 1985-இல், தேனி தொண்ணூறுகளில். ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார்; உரக்கப் படித்துப் பார்த்தால் சில சமயம் ஊர் பிடிபடும்.

சில வீடுகளில் பேச்சு ஓரிடத்தில் நின்றுவிடும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்த தலைமுறை அது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டு 16 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் கேள்வியை அடுக்காமல் காத்திருப்பதே மரியாதை. இன்னொரு பக்கம், ராஜா பரம்பரை என்று நிரூபிக்கவே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கையில் கிடைத்ததில் பெரும்பாதி ஒத்திச் சீட்டும் கடன் பத்திரமும்தான். எனக்கு அவைதான் நம்பத் தகுந்த முன்னோர்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் கிடக்கும் மொய் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெயர் யாருடையது என்று கேட்டு எழுதிவையுங்கள்.