சோடா மெஷினுக்கு பெயிண்ட் அடிக்க எவ்வளவு கேட்கலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

வடக்கனந்தல், கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கம் டிங்கரிங் பட்டறையில் வேலை பழகி, சொந்தமாக ஒரு கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கியிருக்கும் உன்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிராக்டர் பானெட், பைக் டேங்க், வேன் கதவு என்று வரும் வேலைகளுக்கு நடுவே ஒருநாள் ஒரு பழைய கோலி சோடா மெஷின் உன் வாசலில் இறங்கலாம். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது உள்ளூர் சோடாவின் பக்கம் கவனம் திரும்பியது. அப்பா, தாத்தா காலத்து மெஷினைத் தூசி தட்டிக் கடை முகப்பிலோ கல்யாணப் பந்தலிலோ வைக்க நினைப்பவர் உன்னிடம் முதலில் கேட்பது, “பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?” என்றுதான். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்திலேயே ஒரு தொகையைச் சொல்லிவிடாதே. அவர் கேட்பது பெயிண்ட் விலையை. உன் செலவோ பெயிண்டில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி வரும். அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் 1950களின் வெண்டோ 81 என்ற கோகோ கோலா விற்பனை மெஷின், தோளளவு உயரமுள்ள தகரப் பெட்டி. அதன் வெளிப்பரப்பே சுமார் 40 சதுர அடிதான். நம் கோலி சோடா மெஷின் அதைவிடச் சிறியது: வார்ப்பிரும்புத் தாங்கி, பாட்டில்களைப் பிடித்துச் சுழலும் கூடு, கைப்பிடிச் சக்கரம், பித்தளை வால்வு, பாட்டில் வெடித்தால் கண்ணாடிச் சில் ஆள்மேல் தெறிக்காமல் காக்கும் வலை அல்லது தகர மறைப்பு. இரண்டு மூன்று கோட் அடித்தாலும் பெயிண்ட் ஒரு லிட்டரைத் தாண்டாது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் ஒரு மெஷினை முழுதாகச் சீரமைக்கப் பல ஆயிரம் டாலர் வாங்குகிறார்கள் என்றால், அந்தப் பணம் எதற்கு என்று யோசி. கழற்றுவதற்கு, பழைய பூச்சைச் சுரண்டுவதற்கு, துருவை எடுப்பதற்கு, நெளிவு தட்டுவதற்கு, பட்டி வைத்துத் தேய்ப்பதற்கு, பிரைமர் அடித்து மறுபடி தேய்ப்பதற்கு. புடைத்து நிற்கும் எழுத்துகளுக்குக் கையால் வெள்ளை தீட்டுவதும் இதில் சேரும். ஒரு மெஷினுக்கு ஏழு நாள் கூலி என்று வைத்துக்கொண்டால், கன்னைப் பிடித்து அடிக்கும் நேரம் அதில் அரை நாள்கூட இராது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பியிடம் போய் மரத்தை எடைபோட்டு யாரும் விலை பேசுவதில்லை. உன்னிடம் மட்டும் பெயிண்ட் டப்பாவைக் காட்டிப் பேரம் நடக்கிறது என்றால், உன் உழைப்பில் முக்கால்வாசி பூச்சுக்கு அடியில் மறைந்துபோவதுதான் காரணம். அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டும் பொறுப்பு உன்னுடையது.

“இது கள்ளக்குறிச்சி மாவட்டம், அமெரிக்கா இல்லை, இங்கே யார் அவ்வளவு கொடுப்பார்கள்?” என்று நீ கேட்கலாம். இன்னும் கூர்மையாகவும் கேட்கலாம்: “நான் நியாயமான கூலி கேட்டால், அவர் மெஷினைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவாரே?” பயம் உண்மையானது. பித்தளைக்காகவே உடைபடும் மெஷின்கள் உண்டு. ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவரிடம் அதே வேலையை மட்டமாகச் செய்து கொடுப்பது அவருக்கு உதவியாகாது. துருவின்மேல் நேராக எனாமல் அடித்தால் ஒரு மழைக்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பும். மறுபடி சுரண்டும் செலவும் அவர் தலையில்தான் விழும். அவருக்கு நீ செய்யக்கூடிய நல்லது வேலையின் அளவைக் குறைப்பது. சோப்புத் தண்ணீரில் கழுவி, துருப்பிடித்த இடத்தை மட்டும் தேய்த்து, அங்கே மட்டும் பிரைமர் வைத்து, பழைய பூச்சுக்கு மெழுகு தேய்த்துக் கொடு. அது இரண்டு நாள் வேலை. பல மெஷின்களுக்கு அதுவே சரியான வைத்தியமும்கூட.

ஏன் சரியான வைத்தியம் என்கிறேன்? ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, கண்ணில் படாத ஒரு மூலையில், 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய். பிறகு 600. மேலே இருக்கும் பச்சை விலகி ஒரு நீல வளையம் தெரியும், அதற்குள் சிவப்பு, நடுவில் ரெட் ஆக்சைடின் செங்காவி, பிறகு இரும்பு. மெஷின் எத்தனை முறை நிறம் மாறியது என்பது அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கும். மறைப்புத் தகட்டில் கம்பெனி பெயரும் ஊரும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தால், அது அந்த ஊர் பெயின்டரின் கையெழுத்தைப் போல. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் உருவாக்கிய கோலி பாட்டில் நம் ஊர்ப் பண்டமாகிவிட்டது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் இன்றும் நடக்கிறது. அப்படிப் பெயர் நிலைக்காமல் ஓரிரு தெருக்களுக்கு மட்டும் சோடா போட்ட சிறு கம்பெனிகளுக்கு மிஞ்சிய சாட்சி பெரும்பாலும் இந்த எழுத்துதான். சுரண்டுவதற்கு முன் போட்டோ எடு, டிரேசிங் பேப்பரில் எழுத்தைப் படி எடு, உரிமையாளரிடம் ஒருமுறை கேள். “அவர் பளபளப்புதானே கேட்கிறார்?” என்பாய். கேட்பது அவர் உரிமை. எது அழியப்போகிறது என்று சொல்லிவிட்டு அடிப்பது உன் கடமை. எழுத்தை மட்டும் விட்டு மற்றதை அடிக்கலாம் என்ற யோசனை அவருக்குத் தோன்றாமலே இருந்திருக்கலாம்.

பவுடர் கோட்டிங் மலிவாயிற்றே என்பது அடுத்த கேள்வி. புது கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது அருமையான வழி. பழைய மெஷினுக்கு யோசித்துச் செய். பவுடர் வேக 180 முதல் 200 டிகிரி வரை சூடு வேண்டும். மெஷினில் ஈயம் கலந்த பற்றாசு இருந்தால் அது 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது, ஆகவே நெளிவை மறைக்க முடியாது. பழைய வார்ப்பிரும்பின் துளைகளில் அடைபட்ட காற்றும் எண்ணெயும் வெளியேறி, பூச்சில் ஊசித் துளைகள் விழும். வலைக்கும் எழுத்தில்லாத தகட்டுக்கும் போடலாம், மற்றவற்றுக்கு வேண்டாம்.

மெஷின் இன்னும் ஓடப்போகிறது என்றால் பொறுப்பு கூடுகிறது. கேஸ் அழுத்தம் ஏறும் பாகத்தில் விரிசல் தெரிந்தால் அதன்மேல் பட்டி வைக்காதே. வேலையை நிறுத்தி உரிமையாளரிடம் காட்டு. வால்விலும் வாஷர் உட்காரும் இடத்திலும் தண்ணீர் ஓடும் உட்புறத்திலும் பெயிண்ட் படக் கூடாது. கேஸ் சிலிண்டரைத் தொடவே தொடாதே. உள்ளே என்ன வாயு என்பதை அதன் நிறம்தான் சொல்கிறது.

எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு. அது உன் நுரையீரல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் உண்டு என்றே எடுத்துக்கொள். உலர்ந்த நிலையில் தேய்க்காதே, தண்ணீர் விட்டுத் தேய்; வேலை செய்த துணியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதே. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே பெயிண்டில், அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும்; தொழிலையே விடவேண்டி வரும். கைக்குட்டை கட்டுவது எதையும் தடுக்காது. கார்பன் கேட்ரிஜ் மாஸ்க் வாங்கு, கேட்ரிஜை மாற்று, மூடிய அறையில் டூகே அடிக்கவேண்டி வந்தால் வெளிக்காற்றுக் குழாய் உள்ள மாஸ்க் இல்லாமல் அடிக்காதே. “மாஸ்க் செலவைக்கூடவா என்மேல் போடுகிறாய்?” என்று உரிமையாளர் கேட்டால், ஆமாம் என்று சொல். தின்னருக்குக் காசு வாங்குகிறவன் மூச்சுக்கும் வாங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். அந்த மாதங்களில் கழற்று, சுரண்டு, பிரைமர் வை. மேல்பூச்சைத் தைக்கு ஒத்திப்போடு. தாமதமாகும் என்று முன்பே எழுதிக் கொடு. எஸ்டிமேட்டைத் தமிழில் எழுது. கழற்றும் கூலி, சுரண்டும் கூலி, பட்டி, பிரைமர், எழுத்து, மாஸ்க், மாட்டும் கூலி என்று ஒவ்வொன்றாக வரட்டும். பெயிண்ட் விலையைக் கடைசி வரியில் போடு. அடுத்த மெஷின் வாசலில் இறங்கும்போது, உப்புத்தாளை எடுப்பதற்கு முன் அந்தக் காகிதத்தை எடு.

அன்புடன்,
உன் தொழிலை மதிக்கும் ஒருவன்