சட்டமும் சமுதாயமும்

பத்தாம் வகுப்பிற்கு வந்தவுடன் சான்றிதழ்கள் சேர்க்கும் படலம் தொடங்கிவிடுகிறது. எங்கள் தோழியர் சிலரின் சாதிச் சான்றிதழில் 'சீர்மரபினர்' என்று இருந்தது. அதன் பொருள் யாதெனக் கேட்கப் போய், சமூகவியல் அறிஞர் மூவரிடம் வந்து சேர்ந்தோம்.

ஆங்கில அரசு 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. நம் தேனிப் பகுதியும் அடங்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர் மீது அது பாய்ந்தது. திருடினாலும் திருடாவிட்டாலும் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர்முன் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். காலையில் ஒரு முறை "உள்ளேன் சிஸ்டர்" சொல்லவே சலித்துக்கொள்கிறவர்கள் நாங்கள்!

ஒரு செயலைச் சமுதாயம் வெறுப்பதாலேயே அது குற்றமாகிறது என்று பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1893-இல் விளக்கினார். அவர் பேசியது செயலைப் பற்றி. இங்கோ பிறப்பே குற்றமாயிற்று.

அவ்வாறு வெறுத்தவர் யார்? சட்டம் உடைமையாளரின் நலனையே காக்கும் என்பது கார்ல் மார்க்ஸின் கொள்கை. அது ஓரளவே இங்குப் பொருந்துகிறது. கள்ளர் நெடுங்காலம் ஊர்க்காவல் புரிந்து, அதற்குக் கூலி பெற்றனர். கூலி கொடாவிடில் மாடு களவு போகும் என்று நொந்த உழவரும் இருந்தனர். 1896-இல் மதுரை மாவட்டத்தில் அவர்கள் காவல் முறையை எதிர்த்தே எழுந்தனர். ஆகவே குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஆயினும் சிலர் செய்த பிழைக்குத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் பொறுப்பாக்குவது எந்த நியாயம்?

எங்களுக்கு அதிகம் உதவியவர் ஜெர்மானியரான மாக்ஸ் வெபர். பழைய காவல், மரபு தந்த அதிகாரம். போலீஸ், எழுதிய விதி தந்த அதிகாரம். ஒரு நிலப்பரப்பில் முறையான பலப்பிரயோகம் தனக்கே உரியது என்று கோருவதே அரசு என 1919-இல் அவர் ஒரு சொற்பொழிவில் கூறினார். 'முறையான' என்ற சொல்லை நாங்கள் அடிக்கோடிட்டுக்கொண்டோம். முறை என்று மக்கள் ஏற்காவிட்டால் மிஞ்சுவது துப்பாக்கி ஒன்றே.

அடுத்த ஆண்டே அது நம் அருகில் நடந்தது. ஆண்டிப்பட்டிக் கணவாய் கடந்தால் வரும் உசிலம்பட்டிப் பகுதியில் உள்ளது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிய மாட்டோம் என்று அவ்வூரார் மறுத்தனர். போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பாடப்புத்தகத்தில் ஜாலியன்வாலாபாக் படித்த எங்களுக்கு இவ்வூரின் பெயர் இதுவரை தெரியாதிருந்தது வெட்கமாக இருந்தது.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. ரேகைப் பதிவு தொடர்ந்தது. கள்ளர் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகளும் எழுந்தன. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது. அவ்வாறு பட்டியலிலிருந்து விடுபட்டோரே சீர்மரபினர்.

தோழி ஒருத்தியின் கொள்ளுத்தாத்தா இளவயதில் ரேகை வைத்தவராம். பின்னாளில் பேரனிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாராம். பத்திரப்பதிவுக்குப் போனபோதும் ரேகை வைக்க மனமின்றி நெடுநேரம் வாதாடினாராம்.